‘போர்ட் போச்சு’ என்று சொல்லும் முன்

2024 ஜனவரியில் மேடவாக்கத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். வீட்டிலிருந்து வேலை, உபுண்டு லினக்ஸ் போட்ட கேமிங் லேப்டாப், மேசையில் 24 அங்குல மானிட்டர். எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் மானிட்டர் ‘சிக்னல் இல்லை’ என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிடுகிறது. அதற்குள் இரண்டு கேபிள் வாங்கிப் பார்த்துவிட்டார். சர்வீஸ் கடையில், “மழை ஈரம் ஏறி போர்ட் போச்சு மேடம், மதர்போர்டே மாத்தணும்” என்று சொல்லி பதினெட்டாயிரம் கேட்டிருக்கிறார்கள்.

மிக்ஜாம் புயல் போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றிருக்கிறது. ஈரம் என்றதும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கும் முதலில் வரவில்லை. திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் உப்புக் காற்றில் பச்சை பூத்த போர்ட்டுகளை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் லேப்டாப்பை மடியில் வைத்ததும், கட்டளைகளைத் தட்டும் டெர்மினலைத்தான் திறந்தேன். சிஸ் என்ற அடைவுக்குள் கிளாஸ், அதற்குள் டிஆர்எம். கெர்னலுக்கு, அதாவது லினக்ஸின் மையப் பகுதிக்குத் தெரிந்த திரை வாசல்கள் எல்லாம் அங்கே பெயர் பெயராக இருக்கும். லேப்டாப்பின் சொந்தத் திரைக்கு ‘கார்டு0-ஈடிபி-1’ என்பது போல ஒரு பெயர், எச்டிஎம்ஐக்கு ‘கார்டு1-எச்டிஎம்ஐ-ஏ-1’ என்பது போல ஒன்று. ஒவ்வொன்றுக்குள்ளும் ஸ்டேட்டஸ் என்று ஒரு கோப்பு. இணைந்திருக்கிறதா இல்லையா என்று ஒரே வார்த்தையில் சொல்லும். பெயர் இருந்து, ‘இணைக்கப்படவில்லை’ என்று வந்தால் கேபிளையோ போர்ட்டையோ சந்தேகப்படலாம். இவருடையதில் எச்டிஎம்ஐ என்ற பெயரே இல்லை. கெர்னலுக்கே தெரியாத வாசலில் கேபிளை எத்தனை முறை மாற்றினாலும் என்ன பயன்?

இந்த ரக லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் சிப் இருக்கும். இன்டெல் அல்லது ஏஎம்டி பிராசஸருக்குள்ளேயே ஒன்று, தனியாக என்விடியா ஒன்று. லேப்டாப் திரை வழக்கமாக முதலாவதோடு இணைந்திருக்கும். ஆனால் எச்டிஎம்ஐ போர்ட்டின் ஒயர் பல கேமிங் மாடல்களில் நேராக என்விடியாவுக்குப் போகும். என்விடியா விழித்திருந்தால்தான் அந்த போர்ட்டுக்கு உயிர். டைப்-சி போர்ட் மாடலுக்கு மாடல் மாறும். சிலதில் இதற்கும் சிலதில் அதற்கும் போகும், சிலதில் படமே வராது, சார்ஜும் டேட்டாவும் மட்டும்தான்.

எந்த ஒயர் எங்கே போகிறது என்று பெட்டியில் எழுதியிருக்காது. லேப்டாப்பில் உள்ள சிப்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை ஒரு துப்பு தரும். என்விடியாவின் வரி ‘விஜிஏ கன்ட்ரோலர்’ என்று தொடங்கினால் பெரும்பாலும் அதற்கென்று வெளி போர்ட் உண்டு. ‘3டி கன்ட்ரோலர்’ என்றிருந்தால் பெரும்பாலும் அது கணக்குப் போட மட்டும்தான், படம் வெளியே போவது இன்டெல் வழியாக.

“கரண்ட் இல்லாத நாள்ல ஏதாவது மாத்துனீங்களா?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். “பேட்டரி நிக்கணும்னு ஏதோ ஒரு கமாண்ட் போட்டேன் அண்ணா... பிரைம்னு வருமே?”

அதேதான். எந்த கிராபிக்ஸ் சிப் வேலை செய்யணும் என்று தேர்ந்தெடுக்கும் பிரைம்-செலக்ட் கட்டளையில் ‘இன்டெல்’ என்று கொடுத்திருக்கிறார். அது என்விடியாவை ஒதுக்கிவிட்டு பேட்டரியை மிச்சப்படுத்தும். என்விடியாவோடு எச்டிஎம்ஐயும் போய்விடும். ‘ஆன்-டிமாண்ட்’ (தேவைப்படும்போது என்விடியா) என்று மாற்றி ரீஸ்டார்ட் செய்தேன். மானிட்டர் வந்துவிட்டது. எனக்கு ஆன செலவு ஒரு காபி நேரம்.

எல்லாக் கேஸும் இவ்வளவு சுலபமாக முடியாது. நான் அதிகம் பார்ப்பது செக்யூர் பூட் தகராறு. பதிந்த சாவியால் கையொப்பமிடாத டிரைவரை உள்ளே விடாத பாதுகாப்பு அது. என்விடியா டிரைவர் நிறுவும்போது உபுண்டு ஒரு பாஸ்வேர்ட் கேட்கும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை வந்து, ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லிப் பத்து நொடி காத்திருக்கும். நம் ஆட்கள் அந்த நேரத்தில் டீ போடப் போயிருப்பார்கள். இல்லையென்றால் பயந்து எண்டரைத் தட்டி, முதலில் இருக்கும் ‘தொடர்ந்து பூட் செய்’ என்பதைத் தேர்ந்துவிடுவார்கள். டிரைவர் நிறுவப்பட்டதாகவே காட்டும், ஆனால் கெர்னல் அதை ஏற்காது. அடுத்த முறை அந்த நீலத் திரை தானாக வராது. சாவியைப் பதியச் சொல்லி மோக்யூட்டில் கட்டளையை மறுபடி கொடுக்க வேண்டும்.

கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு மானிட்டர் போனால் டிரைவரைக் கட்டத் தேவையான ஹெடர் பொதி இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால், டிரைவரைத் தானாகக் கட்டித் தரும் டிகேஎம்எஸ் புதிய கெர்னலுக்கு அதைக் கட்டியிருக்காது. பழைய கெர்னலில் பூட் செய்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். லினக்ஸில் திரையில் படம் காட்ட இரண்டு முறைகள் உண்டு. புதிய வேலாண்டில் மட்டும் மானிட்டர் வராமல், பழைய எக்ஸ்11-இல் வந்தால் என்விடியா டிஆர்எம் மோட்செட் என்ற டிரைவர் அமைப்பு அணைந்திருக்கலாம். அது அணைந்திருந்தால் மேலே சொன்ன டிஆர்எம் பட்டியலிலும் பெயர் வராது, ஏமாந்துவிடாதீர்கள். அப்புறம் நோமோட்செட். நிறுவும்போது திரை கறுத்தது என்று யாரோ சேர்க்கச் சொல்லி, கிரப் என்ற பூட் நிரலின் அமைப்பில் நிரந்தரமாகத் தங்கிவிட்ட வார்த்தை, கிராபிக்ஸ் டிரைவர் திரையைக் கையாள்வதையே தடுத்துவிடும். வேலை முடிந்ததும் அதை எடுத்துவிட வேண்டும்.

இந்தத் தலைவலி பழையது. 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் என்விடியாவைப் பார்த்து நடுவிரலைக் காட்டியது, இதே இரட்டை சிப் லேப்டாப் பற்றிய ஒரு பெண்ணின் கேள்விக்குத்தான். 2022 மே மாதம் என்விடியா தன் கெர்னல் பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட்டது. நிலைமை தேறியிருக்கிறது, நிச்சயமாக. ஆனால் ஒயர் போகும் வழியை எந்த டிரைவராலும் மாற்ற முடியாது.

கடையில் போர்டு மாற்றச் சொன்னால் ஒன்று கேளுங்கள்: “விண்டோஸில் போட்டுப் பார்த்தீர்களா?” இரண்டு சிஸ்டமும் இருக்கிற லேப்டாப் என்றால் அதுவே போதும். விண்டோஸில் படம் வந்தால் போர்ட்டுக்கு ஒன்றும் இல்லை. விண்டோஸ் இல்லையென்றால் பென்டிரைவிலிருந்து ஒரு லைவ் உபுண்டு. அதில் வரும் நூவோ என்ற திறந்த மூல என்விடியா டிரைவர் பெரும்பாலும் அந்த போர்ட்டை எழுப்பிவிடும். ரிச்சி தெருவுக்குப் போய் கேபிள் வாங்குவது அதற்கப்புறம்.

கிளம்பும்போது அவர் கேட்டார்: “அடுத்த புயல்ல என்ன பண்றது அண்ணா?” மறுபடி இன்டெலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், திரும்ப மாற்ற மறக்காதீர்கள் என்றேன். மஞ்சள் ஒட்டுத்தாளில் எழுதி டச்பேட் பக்கத்தில் ஒட்டினார்: ‘இன்டெல் மோடு = எச்டிஎம்ஐ கிடையாது.’