“பணம் வந்துச்சா?” என்று கேட்க ஆள் இல்லாத வீடு

எதிர்வீட்டு அக்கா ஒன்பது வருடமாக என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “இன்னைக்கு லீவாம்மா?” செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு நைட்டியோடு கதவைத் திறக்கிறவள் வேலையில் இருக்கிறாள் என்று யார்தான் நம்புவார்கள்? எங்கள் மாடியில் நான்கு வீடுகள். நான்கு வீட்டுக் கூரியரும் என் கையில்தான் வந்து சேரும். யாராவது ஊருக்குப் போனால் சாவியும் என்னிடம்தான். ஒரு பத்தி ஓடி வரும் நேரமாகப் பார்த்து சிலிண்டர்காரர் கீழேயிருந்து ஓடிபி கேட்டுக் கத்துவார்.

திருச்சி உறையூரில் தனியாக இருக்கிறேன். மொழிபெயர்ப்பும் விளம்பர வாசகமும்தான் பிழைப்பு. வேலையை விட்டுவிட்டு எழுத வரலாமா என்று கேட்டு மாதம் இரண்டு பேராவது போன் செய்கிறார்கள். எழுதத் தெரியுமா என்று நான் அவர்களைக் கேட்பதில்லை, அது அவர்களுக்கே தெரியும். கூச்சப்படாமல் பணம் கேட்க வருமா என்றுதான் கேட்பேன்.

எனக்கு வராது. சில வருடங்களுக்கு முன் சுகாதாரக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அறுபது பக்கம், மூன்று வார வேலை. கொடுத்த கையோடு அடுத்த வேலையில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து வாடகை கொடுக்கும்போதுதான் நினைவு வந்தது, பில்லே போடவில்லை. போன் செய்தால், “பில் வரலையே மேடம், நாங்க மார்ச் கணக்கை முடிச்சிட்டோமே” என்றார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை. என் தோழி ஒருத்தியும் இதே தொழில்தான். அவள் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது அவள் வீட்டுக்காரர், “அந்தக் கம்பெனிக்காரன் பணம் போட்டானா?” என்று போகிற போக்கில் கேட்டுவிடுவார். தனி வீட்டில் அந்தக் கேள்வி கிடையாது. சாப்பிட்டாயா என்று கேட்க ஆள் இல்லையே என்று நம்மைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார்கள். பில் போட்டாயா என்று கேட்க ஆள் இல்லாததுதான் பெரிய நஷ்டம்.

அதைவிடப் பெரிய நஷ்டம் பில்லுக்கு முன்பே நடந்துவிடும். மொழிபெயர்ப்புக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். எந்தச் சொல்லுக்கு என்று கேட்க மறந்துவிடுவோம். ‘ஃப்ரம் இன்சைட் தி ஹவுஸ்’ ஆங்கிலத்தில் நான்கு சொல். தமிழில் ‘வீட்டுக்குள்ளிருந்து’, ஒரே சொல். தமிழ் அப்படித்தான், வேற்றுமையையும் விகுதியையும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். ஆயிரம் ஆங்கிலச் சொல் என் கையில் சுமார் எழுநூறு தமிழ்ச் சொல்லாக இறங்குகிறது. சொல்லுக்கு 2 ரூபாய் என்று வையுங்கள். 15,000 சொல் கொண்ட கையேட்டுக்கு மூலச் சொல், அதாவது ஆங்கிலச் சொல் கணக்கில் 30,000 ரூபாய். தமிழ்ச் சொல் கணக்கில் 21,000. ஒரே வேலைக்கு 9,000 ரூபாய் வித்தியாசம், என் ஒரு மாத மளிகையும் கரண்ட் பில்லும் அதில் அடங்கிவிடும். இன்னொரு வேடிக்கை, எவ்வளவு இறுக்கமாக, அழகாக எழுதுகிறோமோ அவ்வளவு கூலி குறையும். அதனால் ‘மூலச் சொல் கணக்கு’ என்று மின்னஞ்சலில் எழுதி வாங்காமல் கோப்பைத் திறக்காதீர்கள்.

அப்புறம் டிடிஎஸ், அதாவது பணம் கொடுப்பவரே வரியை முன்கூட்டிப் பிடித்துக்கொள்வது. 60,000 ரூபாய்க்குப் பில் போட்டால் 54,000தான் வரும். புதியவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று பதறுவார்கள். தொழில்முறைக் கட்டணமாகக் கொடுக்கும் தொகை ஒரே நிறுவனத்திடமிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிப்பார்கள். 2025 மார்ச் வரை இந்த வரம்பு 30,000ஆக இருந்தது. பிடித்த தொகை எங்கும் போகாது, நம் பான் எண்ணில் வரவாகும். கணக்குத் தாக்கல் செய்யும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம், அதிகமாகப் பிடித்திருந்தால் திரும்பக் கேட்கலாம். பான் எண் சரியாக இருந்தால்தான் இதெல்லாம். ஓர் அலுவலகத்தில் என் பான் எண்ணில் ‘M’ இருக்க வேண்டிய இடத்தில் ‘N’ என்று அடித்துவிட்டார்கள். நான் அதைக் கண்டுபிடித்தது ஜூலையில், தாக்கல் செய்ய உட்கார்ந்தபோது. அவர்கள் திருத்தம் கொடுத்து அது என் கணக்கில் ஏறுவதற்குள் பதினேழு போன். இப்போதெல்லாம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருமான வரித் தளத்தில் போய்ப் பார்த்துவிடுகிறேன்.

பணம் தாமதமானால் கெஞ்சத்தான் வேண்டும் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம் எங்களைப் போன்ற ஒற்றை ஆள் கடைகளுக்கும் உதவும். உத்யம் என்ற அரசுத் தளத்தில் சிறு தொழிலாகப் பதிந்திருந்தால், எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்கக் கூடாது. மீறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. நான் இதுவரை வழக்கு என்று போனதில்லை. பில்லின் அடியில் உத்யம் எண்ணையும் ‘45 நாள்’ என்ற வரியையும் சேர்த்த பிறகு பாதி போன் குறைந்தது. அரசுத் தளத்தில் பதிவு இலவசம். காசு கேட்கிற தளம் என்றால் மூடிவிடுங்கள். வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே பதிந்துவிடுவது நல்லது.

பதிப்புரிமை பற்றி ஒரே ஒரு விஷயம். எழுத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காமல் உரிமை கைமாறாது. எத்தனை வருடத்துக்கு என்று அதில் எழுதவில்லையென்றால் ஐந்து வருடம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். ‘எக்காலத்துக்கும், எவ்விடத்துக்கும்’ என்று வரும் தாளை இரண்டு தரம் படியுங்கள்.

இவ்வளவு புலம்புகிறவள் ஏன் வேலைக்குப் போகவில்லை? போன மழைக்காலத்தில் ஒரு கருவிக் கையேடு வந்தது. பலகையில் நீளவாக்கில் வெட்டும் பள்ளத்துக்குச் சொல் வேண்டும். ‘பள்ளக்கோடு’ என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன். மத்தியானம் கீழ்வீட்டில் கதவுக்கு இழைத்துக்கொண்டிருந்த ஆசாரியிடம் போய்க் கேட்டேன். உளியை நிறுத்தாமலே, “காடி எடுக்கிறதும்மா” என்றார். மேலே ஓடி வந்து சென்னைப் பல்கலைக்கழக லெக்சிகனில் தேடினேன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த பெரிய அகராதி, இப்போது இணையத்தில் இலவசம். வினிகருக்குச் சொல்லும் காடியும் அங்கே இருந்தது, ஆசாரி சொன்ன காடியும் இருந்தது. ஒரு சொல்லுக்கு 2 ரூபாய்தான் கூலி. அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. சின்ன ஃபில்டரில் எனக்கு மட்டும் இறக்கிய டிகாஷன், வெளியே மழை, எங்கேயும் கிளம்ப வேண்டியதில்லை. மூன்றாம் நாள் புளித்துப்போன மாவு பாக்கெட்டுகூட அன்றைக்கு ஊத்தப்பமாக நன்றாகத்தான் இருந்தது.

கேட்க ஆள் இல்லாத குறைக்கு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். கோயம்புத்தூரில் என்னைப்போலவே தனியாக இருந்து எழுதும் ஒருத்தி பழக்கம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் யார் முதலில் போன் செய்தாலும் முதல் கேள்வி, “பில் போட்டியா? வந்துச்சா?” ஊர்க்கதை அதற்கப்புறம்தான். போன வெள்ளி என்னிடம் இரண்டு பில் பாக்கி இருந்தது. பேசிக்கொண்டே ஒன்றை அனுப்பிவிட்டேன். இன்னொன்று பழகிய மனிதர், கேட்டால் என்ன நினைப்பாரோ என்று இன்னும் டிராஃப்டில்தான் கிடக்கிறது.