பலகை விளிம்புகளுக்குத் தனிக் கவனம் தேவை

மரவேலையின் வழவழப்பு வார்னிஷின் தரத்தைப் பொறுத்தது என்று வாடிக்கையாளர் பலர் நினைக்கிறார்கள். வார்னிஷ் கீறலை மறைப்பதில்லை, எடுத்துக் காட்டிவிடும். உப்புத்தாளை 80, 120, 180, 220 என்று (எண் கூடக் கூடத் தாள் நயமாகும்) படிப்படியாக மாற்றித் தேய்க்க வேண்டும், ஏனெனில் ஒவ்வொரு தாளின் வேலையும் முந்தைய தாள் விட்டுச்சென்ற கீறல்களை அகற்றுவதுதான். 80-இலிருந்து நேராக 220-க்குத் தாவினால், ஆழமான கீறல்கள் உள்ளேயே தங்கி, சாயம் ஏறியதும் கருங்கோடுகளாகத் தெரியும். கையால் தேய்ப்பவர்கள் மர ரேகையின் போக்கிலேயே தேய்த்து, விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்துப் பரப்பைச் சோதிப்பது நல்லது.

என் அனுபவத்தில் பெரும்பாலான குறைகள் விளிம்புகளில்தான் தோன்றுகின்றன. முழுமரத்தில் ரேகைக்குக் குறுக்கே அறுத்த வெட்டுமுனையில் நார்க்குழல்கள் திறந்திருப்பதால், அது சாயத்தை மிகுதியாக உறிஞ்சிக் கறுத்துவிடும். முகப்பை 180 வரை தேய்த்தால் முனையை 220 வரை தேய்க்க வேண்டும். மரநாரைப் பசையுடன் அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையின் இரு முகங்களும் இறுகியிருக்க, நடுப்பகுதி அடர்த்தி குறைந்தது. அறுத்த இடத்தில் நேரடியாகப் பெயின்ட் அடித்தால் அது உறிஞ்சப்பட்டு, நார்கள் எழுந்து சொரசொரக்கும். முதலில் துளைகளை அடைக்கும் பூச்சான சீலரைப் பூசி, நன்கு உலரவிட்டு, 220-ஆம் எண் தாளால் மென்மையாகத் தேய்த்து, மறுபடியும் பூசி 320-ஆல் தேய்த்த பிறகே பெயின்டைத் தொட வேண்டும். கூர்மையான மூலையில் பெயின்ட் மெலிந்து சீக்கிரம் உரியும் என்பதால், அதைச் சற்றே உருட்டிவிடுவது அவசியம். பிளைவுட் விளிம்பின் இடைவெளிகளுக்குப் பட்டி போதும். வெனீர் என்னும் மெல்லிய மர ஏடு ஒட்டிய பலகையின் ஓரத்தில் மட்டும் தேய்க்கும் இயந்திரத்தைக் கொண்டுபோகாதீர்கள். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அந்த ஏடு தேய்ந்துபோனால் மீட்க வழியில்லை.

கண்ணில் படாத விளிம்புகளையும் விட்டுவிடக் கூடாது. கதவின் அடிப்பக்கமும் சிங்க் அலமாரியின் பின்புறமும் சீலர் இல்லாமல் விடப்பட்டால் ஈரம் அங்கேதான் நுழையும்; எம்.டி.எஃப். ஒருமுறை ஊதிப் பருத்துவிட்டால் உலர்ந்தாலும் பழைய தடிமனுக்குத் திரும்பாது.

தேய்ப்பவரின் உடல்நலத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இலேயே வகைப்படுத்தியுள்ளது. முகத்தில் கட்டும் துணி நுண்ணிய தூளைத் தடுக்காது. என்95 தரத்திலான முகக்கவசம் அணிந்து, தேய்க்கும் இயந்திரத்துடன் தூசி உறிஞ்சியை இணைத்து, தரையில் படிந்த தூளைத் துடைப்பத்தால் கிளப்பாமல் உறிஞ்சியாலேயே அகற்றுங்கள்.