பெர்சிஸ்டன்ஸ் – நிலைப்பு

ஜாவா நிரலர்கள் அன்றாடம் புழங்கும், நிரலின் பொருள்களைத் (ஆப்ஜெக்ட்) தரவுத்தள அட்டவணைகளோடு இணைக்கும் ஹைபர்நேட் நூலகத்தைத் தமிழில் விளக்க உட்கார்ந்தால் முதலில் இடறுவது பெர்சிஸ்டன்ஸ் என்ற சொல்லில்தான். பலரும் ‘சேமிப்பு’ என்று எழுதிவிட்டு மேலே போய்விடுகிறார்கள். அது பிழை. 2025-இல் வெளிவந்த ஹைபர்நேட் 7-ஐப் பார்த்தாலே ஏன் பிழை என்பது விளங்கும்.

லத்தீனில் ‘பெர்’ என்றால் முழுக்க, ‘சிஸ்தெரே’ என்றால் நிற்றல். கடைசிவரை நிற்பது என்பதே வேர்ப்பொருள். 1980-களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தில் பிஎஸ்-அல்கால் மொழியை உருவாக்கிய மால்கம் அட்கின்சன் குழுவினர் நிரலாக்கத்தில் இச்சொல்லுக்குத் தெளிவான வரையறை தந்தார்கள்: ஒரு தரவு எவ்வளவு காலம் இருந்து பயன்படுகிறதோ, அந்தக் கால அளவே அதன் பெர்சிஸ்டன்ஸ். ஒரு செயற்கூறுக்குள் பிறக்கும் மாறி அது முடிந்ததும் போய்விடும். தரவுத்தள வரிசையோ நிரல் நின்ற பிறகும் இருக்கும்.

தமிழிலும் வேர் அதேதான்: நில், நிலை, நிலைப்பு. வினையாக ‘நிலைப்படுத்து’. ‘நிலைத்தன்மை’ வேண்டாம், கன்சிஸ்டென்சிக்கும் ஸ்டெபிலிட்டிக்கும் அதையே எழுதிக் குழப்பியிருக்கிறோம். ‘நிலைபேறு’ நல்ல சொல்தான், ஆனால் இலங்கையில் ‘நிலைபேறான அபிவிருத்தி’ என்று வேறு பொருளில் ஊன்றிவிட்டது. பரிவர்த்தனை முடிந்தபின் மின்சாரம் போனாலும் தரவு அழியாது என்ற டியூரபிலிட்டிக்கு ‘நீடிப்பு’ போதும். தரவுத்தளத்தோடு இன்னும் இணையாத டிரான்சியன்ட் பொருளுக்குத்தான் தேடவே வேண்டாம். நிலையாமை நமக்குப் பழகிய சொல், ஆகவே ‘நிலையாப் பொருள்’.

சேமிப்பு ஏன் பொருந்தாது? கேவின் கிங் 2001-இல் ஹைபர்நேட்டைத் தொடங்கினார். அதில் நெடுங்காலம் சேவ், அப்டேட், சேவ்-ஆர்-அப்டேட் என்ற வினைகள் இருந்தன. 2006-இல் வந்த, ஜாவா நிலைப்புக்கான பொதுத் தரமான ஜேபிஏ பெர்சிஸ்ட், மெர்ஜ் என்ற வினைகளைத் தேர்ந்தது. ஹைபர்நேட் 7 தன் வழக்கமான செஷனிலிருந்து (நிரல் தளத்தோடு பேசும் இடைமுகம்) பழைய மூன்றையும் நீக்கிவிட்டது. பெர்சிஸ்ட் என்று அழைத்தால் அந்தப் பொருள் ‘நிலைப்புச் சூழல்’ எனும் கண்காணிப்புக்குள் வருகிறது, அவ்வளவுதான். சீக்வென்ஸ் (அடுத்தடுத்த எண்களைத் தரும் தளக் கருவி) வைத்த அட்டவணையில் அடையாள எண் உடனே கிடைக்கும். வரிசையைச் சேர்க்கும் இன்செர்ட் கட்டளையோ, காத்திருக்கும் மாற்றங்களைத் தளத்துக்கு அனுப்பும் ஃபிளஷ் நேரத்தில்தான் போகும். ஒரு பொருளின் விலையை 100 என வைத்து பெர்சிஸ்ட் செய்யுங்கள். அடுத்த வரியில் 120 என மாற்றிவிட்டு வேறு எதையும் அழைக்காமல் கமிட் செய்யுங்கள், அதாவது பரிவர்த்தனையை முடியுங்கள். அட்டவணையில் 120 இருக்கும். ‘சேமி’ என்று படித்தவர் 100-ஐ எதிர்பார்ப்பார்.

பழைய நிரலை 7-க்கு மாற்றும்போது சேவ் இருந்த இடத்திலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு பெர்சிஸ்ட் போடக் கூடாது. சூழலிலிருந்து பிரிந்த பொருளைக் கொடுத்தால் பிழை எழும். அங்கே அதன் நிலையைச் சூழலுக்குள் நகலெடுக்கும் மெர்ஜ்தான் வேண்டும். மெர்ஜ் திருப்பித் தருவதோ வேறு பொருள். நீங்கள் கொடுத்தது பிரிந்தேதான் இருக்கும், அதில் செய்யும் மாற்றம் தளத்துக்குப் போகாது. திரும்பி வந்ததை மாறியில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹைபர்நேட் 5-லிருந்து வருபவர்களுக்கு இன்னொரு பள்ளமும் உண்டு. முன்பு பொதுவாக ‘ஹைபர்நேட்_சீக்வென்ஸ்’ என ஒன்றே இருந்தது. 2022-இன் 6.0 முதல் ஒவ்வொரு என்டிட்டிக்கும் (அட்டவணையோடு இணைத்த வகுப்பு) தன் பெயரோடு ‘_எஸ்இக்யூ’ சேர்ந்த தனி சீக்வென்ஸ் தேடப்படுகிறது, 50 படி ஏற்றத்தோடு. தளத்தில் அது இல்லையென்றால் நிரல் நிற்கும்; இருந்தும் ஏற்றம் 1 ஆக இருந்தால், இயல்பு அமைப்பில் ஏற்றம் பொருந்தவில்லை என்று பிழை எழும். பெயரிடும் உத்தியை ‘லெகசி’ என அமைத்தால் பழைய பெயர் விதிக்குத் திரும்பலாம்.

நிலைப்புக்கு விலையும் உண்டு. கண்காணிக்கும் ஒவ்வொரு பொருளின் முந்தைய நிலையையும் சூழல் பிடித்து வைத்திருக்கும். பத்தாயிரம் வரிசைகளை ஒரே சுழலில் ஏற்றினால் நினைவகம் வீங்கும். தொகுதி அளவை 50 என அமைத்து, 50-க்கு ஒருமுறை ஃபிளஷ், உடனே சூழலைக் காலியாக்கும் கிளியர் செய்யுங்கள். வரிசை சேரும்போதே தளம் தரும் ஐடென்டிட்டி வகை எண் என்றால் இன்செர்ட்டுகள் தொகுதியாகப் போகா.

7-இல் உரிமமும் எல்ஜிபிஎல்-லிலிருந்து அப்பாச்சி 2.0-க்கு மாறியது. ஜேபிஏ இப்போது ஜகார்த்தா பெர்சிஸ்டன்ஸ். 7 பின்பற்றுவது அதன் 3.2 பதிப்பு. அடுத்த இலக்கு 4.0. நிலைப்புச் சூழலே இல்லாமல் வேலை செய்யும் வழி அதில் தரமாக நுழைகிறது. ஹைபர்நேட்டின் ஸ்டேட்லெஸ் செஷன் ஏற்கெனவே அப்படித்தான்: அங்கே பெர்சிஸ்ட் என்ற வினையே கிடையாது, தரவை மாற்ற இன்செர்ட், அப்டேட், டெலிட், அப்செர்ட் (இருந்தால் மாற்று, இல்லையேல் சேர்) போன்றவைதான். அழைத்த கணத்தில் கட்டளை தளத்துக்குப் போகும், பிறகு பொருளை யாரும் கவனிக்க மாட்டார்கள். அந்த இன்செர்ட்டைத் தமிழில் ‘செருகு’ என்றே எழுதலாம், ‘நிலைப்படுத்து’ என்று எழுதக் கூடாது.