அட்வகேட்: பரிந்து பேசுபவர்

வேலூரில் முதியோருக்காகவும் மாற்றுத்திறனாளிகளுக்காகவும் ஊதியம் வாங்காமல் உழைத்த பெரியவர் ஒருவர் அண்மையில் காலமானார். நினைவேந்தல் துண்டறிக்கையில் அவரை ‘அட்வகேட்’ என்று அச்சிட்டிருந்தார்கள். அவர் சட்டம் படித்தவர் அல்லர். ஆனாலும் அந்தச் சொல் அவருக்கு முழுக்கப் பொருந்தும்.

லத்தீனில் ‘அட்வகாட்டஸ்’ என்றால் துணைக்கு அழைக்கப்பட்டவர். ‘வோகாரே’ என்பது அழைத்தல். ஒருவருக்குப் பக்கத்தில் நின்று பேசுபவர் என்ற பொருளும், அதையே தொழிலாகக் கொண்டவர் என்ற பொருளும் ஆங்கிலத்தில் இன்றும் வழங்குகின்றன. நமக்கு இச்சொல் நீதிமன்ற வாசல் வழியாக வந்ததால் தொழிற்பொருள் மட்டுமே தங்கிவிட்டது. அதற்கு ‘வழக்கறிஞர்’ இருக்கிறது. மற்றப் பொருளுக்குத் ‘தன்னார்வலர்’ போதாது. அது கூலி வாங்காததைச் சொல்கிறது, செய்த வேலையைச் சொல்லவில்லை.

பரிந்து பேசுபவர் என்பதே சரியான தமிழ். ‘பால்நினைந்து ஊட்டும் தாயினும் சாலப் பரிந்து’ என்ற திருவாசக அடியில் பரிதல் அன்பு மிகுதல். ‘பரிந்தோம்பிக் காக்க ஒழுக்கம்’ (குறள் 132) என்ற இடத்தில் வருந்தியும் பேணுதல். அன்பும் உழைப்பும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. தமிழ் விவிலியமும் 1 யோவான் 2:1இல் இயேசுவை ‘பரிந்து பேசுகிறவர்’ என்கிறது; ஆங்கில விவிலியத்தில் அங்கே நிற்பது அட்வகேட்தான்.

பரிவு வேறு, பரிதாபம் வேறு. 1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்த பின்னும் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் மேரி வர்கீஸ் பணியாற்றிய ஊர் இது. இங்கே பரிதாபம் யாருக்கும் தேவையில்லை. அந்தப் பெரியவர் இதை நன்றாக அறிந்திருந்தார். திங்கட்கிழமை குறைதீர்வு நாளில், ஆட்சியர் அலுவலக மரத்தடியில் மனு எழுதி முடித்ததும் உரக்கப் படித்துக் காட்டுவார். “நீங்கள் சொன்னது இதுதானா அம்மா?” என்று கேட்டு, அவர் தலையசைத்த பிறகே மைப்பெட்டியைத் திறந்து கைநாட்டு வாங்குவார். உள்ளே அதிகாரி தம்மைப் பார்த்துக் கேள்வி கேட்டால், “அவரிடமே கேளுங்கள் ஐயா” என்பார். மனு கொடுத்தவரின் குரல் எட்டாத இடத்தில் மட்டுமே இவர் வாய் திறப்பார்.

இந்தப் பணிக்குச் சட்டத்திலும் இடம் உண்டு. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இன் 5ஆம் பிரிவுப்படி, தாமே விண்ணப்பிக்க இயலாத முதியவர் தாம் விரும்பும் வேறொருவரையோ ஓர் அமைப்பையோ கொண்டு ஜீவனாம்சம் கோரலாம். அந்த ‘வேறொருவர்’ வழக்கறிஞராக இருக்க வேண்டும் என்பதில்லை.

எழுதுவோர் கவனிக்க: ‘பரிந்துரையாளர்’ என்று சுருக்க வேண்டாம். பரிந்துரை இன்று சிபாரிசு என்ற பொருளுக்கே போய்விட்டது. ‘முதியோருக்காகப் பரிந்து பேசுபவர்’ என்று விரித்தே எழுதலாம்.