மனநலப் பிரிவில் பட்டறிவுத் துணையாளர்: அவருக்கு யார் துணை?

மனநல வருத்தம் வந்து, வைத்தியசாலை வாட்டில் கிடந்து, வருடக்கணக்காக மருந்தோடு போராடித் தேறிய ஒருவர், இன்று அதே வாட்டில் கிடக்கிற இன்னொருவருக்குப் பக்கத்தில் போய் உட்காருகிறார். அதை ஒரு வேலையாகவே செய்கிறார். இவரைப் பட்டறிவுத் துணையாளர் என்று சொல்லலாம். உளசமூகப் பணியில் இருக்கும் எனக்கு, இப்படியானவர்களை மேற்பார்வை செய்யும் பொறுப்பும் உண்டு. துணையாளரைச் சேர்த்துக்கொள்வதில் பலருக்கு ஆர்வம் இருக்கிறது. சேர்த்த பிறகு அவரை யார் தாங்குவது என்று கேட்பவர்கள் குறைவு. அதனால்தான் மேற்பார்வை பற்றி எழுதுகிறேன். உதாரணங்களில் வரும் ஆட்களை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றிக் கலந்திருக்கிறேன்.

இது புதிய சங்கதி இல்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸ் பிசேத்ர் மருத்துவமனையில் மனநோயாளர் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த ஜான் பாப்டிஸ்ட் புஸ்ஸன், அதே இடத்தில் கண்டமாலை நோய்க்கு (கழுத்தில் கட்டிகள் வரும் நோய்) சிகிச்சை பெற்றுத் தேறியவர். குணமான நோயாளிகளையே அவர் பணியாட்களாக எடுத்தார். 1793இல் அங்கு பொறுப்பேற்ற டொக்டர் பிலிப் பினேல், புஸ்ஸனிடமிருந்து கற்றதைத் தன் எழுத்தில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்.

பலன் உண்டா என்று கேட்டால், ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2018இல் வெளியான ஓர் இங்கிலாந்து ஆய்வு எனக்குப் பிடித்தமானது. மனநல நெருக்கடி தணிந்து அவசரச் சேவையிலிருந்து விடுவிக்கப்பட்ட 441 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்குத் தேறுதல் பயிற்சிப் புத்தகம் ஒன்றைத் தபாலில் அனுப்பினார்கள். மற்றப் பகுதியினருடன், அதே புத்தகத்தை வைத்துக்கொண்டு, பயிற்சியும் மேற்பார்வையும் பெற்ற துணையாளர் பத்து தடவை வரை இருந்து கதைத்தார். ஒரு வருடத்துக்குள் மீண்டும் அவசர மனநலச் சிகிச்சைக்குப் போனவர்கள் முதல் பகுதியில் 38 சதவீதம், இரண்டாம் பகுதியில் 29 சதவீதம். ஆனால் அதே இங்கிலாந்தில் 590 பேரை வைத்துச் செய்து 2022இல் வெளியான இன்னொரு ஆய்வில், மறுபடி வாட்டுக்கு வருவதில் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. ஓர் ஆளை நியமித்துவிட்டால் மிச்சமெல்லாம் தானாக நடக்கும் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டாவது ஆய்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இலங்கையின் கிழக்கில், எங்கள் பக்கத்தில் இந்த வேலை எப்படி நடக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து பஸ் ஏறி கிளினிக்குக்கு வரும் ஒரு தாய். மகனுக்கு மாதாமாதம் ஊசி. மகன் ஊசி வேண்டாம் என்கிறான், ஏன் என்றும் சொல்கிறான் இல்லை. துணையாளர் அவனோடு கதைக்கும்போது தன் கதையில் ஒரு துண்டை எடுத்துச் சொன்னார்: ஊசி போட்ட பிறகு ஓரிடத்தில் இருக்க முடியாமல் கால் பதறுவது, இரவெல்லாம் முற்றத்தில் நடந்தது, மறுகா டொக்டரிடம் சொல்லி அளவை மாற்றியது. அப்போதுதான் மகன் வாய் திறந்தான். அவனுக்கும் அதே கால் பதற்றம்தான். டொக்டரும் தாதியும் கேட்டபோது சொல்ல வராத விஷயம் அது. இன்னொரு வீட்டில், பிள்ளைக்குச் செய்வினை என்று கோயில் கோயிலாக அலைந்த குடும்பத்திடம், “நாங்களும் முதல்ல நூல்தான் கட்டினம்” என்று சொல்லி உள்ளே போனவரும் ஒரு துணையாளர்தான். ஓதிப் பார்த்துத் தண்ணீர் கொடுத்த வீட்டுக்குள் துணையாளரான ஒரு முஸ்லிம் ராத்தா (அக்கா) அதே போலப் போவார். அந்தக் குடும்பங்களைத் திருத்த நினைத்தால் கதவு மூடிக்கொள்ளும்.

ஆனால் தன் கதையை எவ்வளவு சொல்வது, யாரிடம் சொல்வது? மேற்பார்வையில் அதிக நேரம் போவது இந்தக் கேள்விக்குத்தான். கிழக்கில் வீடு பெண் பிள்ளைக்குப் போகும். தமிழர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் பெரும்பாலும் அதுதான் வழக்கம். வருத்தம் வந்து கல்யாணமாகாமல் இருக்கிற மகன், தாய் தகப்பன் போன பிறகு தங்கச்சிக்குக் கொடுத்த வீட்டில்தான் இருப்பார். அந்த வீட்டுக்கு ஒரு மச்சான் வந்திருப்பார், அவருடைய ஆட்கள் வந்து போவார்கள். தங்கச்சியின் மகளுக்குச் சம்பந்தம் பேசும் காலமும் வரும். துணையாளர் ஓரிடத்தில் “எனக்கும் இந்த வருத்தம் இருந்தது” என்று சொன்னால், அது அவரோடு நிற்காது. ஆகவே வேலை தொடங்க முன்னமே இருந்து கதைக்கிறோம்: எந்த ஊரில் சொல்வது, எந்த ஊரில் சொல்லாமல் விடுவது, வீட்டாரோடு கலந்து பேசியாயிற்றா, சொந்த ஊரிலிருந்து ஒருவர் கிளினிக்குக்கு வந்தால் என்ன செய்வது. எதைச் சொல்வதென்று முடிவெடுப்பவர் துணையாளர்தான். மேற்பார்வையாளர் அவரோடு சேர்ந்து யோசிப்பார்.

வெளியிலிருந்து விருந்தினர் வந்தால் துணையாளர் கையில் மைக்கைக் கொடுத்து, “உங்கட கதையைச் சொல்லுங்க” என்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தக் கரையோரத்தில் கதை சொல்லிக் களைத்தவர்கள் எத்தனை பேர்! அந்தக் கதை அவருடைய சொத்து. வேலைக்குத் தேவையான இடத்தில், அவர் விரும்பினால் எடுப்பார்.

அடுத்து, மேற்பார்வையாளர் யாராக இருக்க வேண்டும்? துணையாளருக்குச் சிகிச்சை கொடுக்கும் வைத்தியராக இருக்கக் கூடாது. எங்கள் மாவட்டங்களில் இது இலேசான காரியமில்லை. அவர் மருந்து எடுக்கும் கிளினிக்கும் வேலை செய்யும் கிளினிக்கும் பெரும்பாலும் ஒன்றுதான். ஒருவர் என்னிடம் சொன்னார்: “மிஸ், தாதி கோவிச்சா வேலை கூடிப்போச்சு எண்டு சொல்றாங்க. நான் கோவிச்சா மருந்து போட்டயா எண்டு கேக்காங்க.” இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. அவர் களைத்திருந்தால் களைப்பு, கோபித்தால் கோபம். அதற்குக் காரணம் அன்று வாட்டில் நடந்த ஏதாவது அநியாயமாகவும் இருக்கலாம். அதை நோய்க்குறியாகப் பார்க்கும் பழக்கத்தை முதலில் விட வேண்டியவர்கள் உத்தியோகத்தர்களாகிய நாங்கள். அவருடைய நோயாளர் கோப்பை மேற்பார்வையாளர் திறந்து பார்க்கக் கூடாது. மருந்து பற்றிய கதை அவருக்கும் அவருடைய வைத்தியருக்கும் இடையில் இருக்கட்டும். சிகிச்சைக்கு வேறு வைத்தியசாலைக்குப் போக அவர் விரும்பினால், மட்டக்களப்பில் வேலை செய்பவர் களுவாஞ்சிகுடிக்கோ கல்முனைக்கோ போவதற்கு ஒழுங்கு செய்து கொடுக்கலாம்.

மேற்பார்வை என்றவுடன் வரவுப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதை நினைக்கிறார்கள். நான் சொல்வது இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது, கதவைச் சாத்தி, போனை அணைத்து, ஒரு மணித்தியாலம் இருப்பது. இந்த நாட்களில் எந்த ஆள் உங்கள் மனதை விட்டுப் போகவில்லை? எங்கே உங்கள் பழைய நாட்கள் திரும்பி வந்தன? எங்கே உதவி செய்ய ஆசைப்பட்டு அவருடைய முடிவை நீங்கள் எடுத்துவிட்டீர்கள்? இப்படிப்பட்ட கேள்விகளுக்கு நேரம் வேண்டும். இன்னும் நல்லது, மூத்த துணையாளர் ஒருவரும் கூட இருப்பது. நான் படித்து அறிந்ததை அவர் பட்டு அறிந்திருக்கிறார்.

துணையாளர் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னத் தாதியாக மாறிவிடுவதும் நடக்கும். குளிசை எண்ணச் சொல்வார்கள், வாட்டில் ஆள் போதாவிட்டால் ஒருவரைப் பிடிக்கச் சொல்வார்கள், வீட்டார் “தம்பி, இவன் மருந்தைத் துப்புறானா எண்டு பார்த்துச் சொல்லுங்க” என்பார்கள். ஒருவரைக் கட்டிப்பிடித்து ஊசி போடும்போது துணையாளர் கை வைக்கக் கூடாது என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. அன்றோடு அந்த ஆள் அவரை நம்புவதை நிறுத்திவிடுவார். இதை வாட் பொறுப்பாளரிடம் போய்ச் சொல்லும் வேலை மேற்பார்வையாளருடையது. துணையாளர் தானே போய்ச் சொன்னால் வேலை செய்யப் பஞ்சிப்படுகிறார் என்பார்கள்.

இரகசியம் பற்றியும் முன்கூட்டியே ஓர் உடன்பாடு வேண்டும். துணையாளரிடம் சொன்னவை கோப்பில் ஏறாது. உயிருக்கு ஆபத்தான எண்ணத்தைச் சொன்னால் மட்டும் அதைத் தனியே சுமக்க மாட்டேன், இன்னொருவரிடம் சொல்வேன் என்று முதல் சந்திப்பிலேயே அவர் சொல்லிவிட வேண்டும். பொலிஸ் வரும் என்ற பயத்தில் மறைக்கிற குடும்பங்கள் இன்னும் உண்டு. தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 முதல் குற்றமில்லை என்பதைத் துணையாளரும் தெரிந்து, அவர்களுக்கும் சொல்ல வேண்டும். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. அப்படி ஒரு கதை கேட்ட நாளில் துணையாளர் வீட்டுக்குப் போக முன்னர் மேற்பார்வையாளர் அவரோடு கதைத்தே ஆக வேண்டும், அடுத்த சந்திப்பு வரை விடக் கூடாது.

சம்பளம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: கொடுக்க வேண்டும். பஸ் காசும் சாப்பாடும் கொடுத்துத் தொண்டர் என்று வைத்திருப்பது சரியில்லை. கல்வித் தகைமை கேட்கும்போது, யுத்தமும் வருத்தமும் சேர்ந்து படிப்பைப் பறித்தவர்கள் இவர்களில் பலர் என்பதை நினைத்துப் பாருங்கள்.

வீட்டார் என்னிடம் தவறாமல் கேட்பது, “வேலை செய்யும்போது திரும்ப வருத்தம் வந்தால்?” என்றுதான். வரலாம். அதற்கு வேலை தொடங்கும் முதல் கிழமையிலேயே துணையாளர் தன் கையால் ஒரு தாள் எழுதுவார். தனக்கு வருத்தம் தொடங்கும்போது முதலில் என்ன மாறும், நித்திரையா, கதையா, செலவழிப்பா. அதை யார் சொன்னால் கேட்பார், யார் சொன்னால் கேட்க மாட்டார். எந்த வைத்தியசாலைக்குப் போக விருப்பம், எத்தனை நாள் லீவு, அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா, அவரோடு கதைத்து வந்த ஆட்களுக்கு யார் என்ன சொல்வது. கடைசி வரியில், தேறி வந்ததும் அதே வேலைக்குத் திரும்பலாம் என்று நிறுவனம் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். ஒரு பிரதி அவரிடம், ஒன்று மேற்பார்வையாளரிடம், அவர் விரும்பினால் ஒன்று வீட்டாரிடம்.