உளக்காயம்: ‘ட்ராமா’ என்பதற்குத் தமிழில் எது பொருந்தும்?

‘ட்ராமா’ கிரேக்கச் சொல். காயம் என்று பொருள். நெடுங்காலம் மருத்துவர்கள் அதை உடற்காயத்துக்கே வழங்கினார்கள். விபத்தில் அடிபட்டவர்களைக் கொண்டுசெல்லும் பிரிவுக்கு இன்றும் அந்தப் பெயர்தான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சொல் உள்ளத்துக்கும் வந்தது. ரயில், தொழிற்சாலை விபத்துகளில் தப்பியவர்கள் தூக்கமின்றி, நடுக்கத்தோடு அவதிப்பட்டதை ஜெர்மன் நரம்பியல் மருத்துவர் ஹெர்மன் ஓப்பன்ஹைம் 1889இல் இச்சொல்லை வைத்தே விளக்கினார். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் பி.டி.எஸ்.டி. (ஆங்கிலத்தில் Post-Traumatic Stress Disorder, அதாவது உளக்காயத்துக்குப் பின் நீடிக்கும் மன அழுத்தக் கோளாறு) என்ற நோய்ப்பெயர் இடம்பெற்றது.

தமிழில் மூன்று சொற்கள் புழங்குகின்றன. ‘மன அதிர்ச்சி’ நாளிதழ்ச் சொல். அதிர்ச்சி சற்று நேரத்தில் தணியும். இதுவோ ஆண்டுக்கணக்கில் நீடிக்கக்கூடியது. ஈழத்து உளநல எழுத்துகளில் ‘மனவடு’ பரவலாக உண்டு. வலுவான சொல்தான், ஆனால் வடு என்பது புண் ஆறியபின் நிற்கும் தடம். இன்னும் ஆறாமல் வலிக்கும் நிலைக்கு ‘உளக்காயம்’ என்பதே சரி. காயத்துக்கு மருந்து உண்டு, அது ஆறும் என்ற நம்பிக்கையும் அச்சொல்லிலேயே இருக்கிறது.

கெட்டது நடந்த எல்லாருக்கும் பி.டி.எஸ்.டி. வருவதில்லை, பெரும்பாலோர் மெல்லத் தேறிவிடுகிறார்கள். நடந்தது கனவாகவும் திடீர் நினைவாகவும் மீண்டும் மீண்டும் வருவது, அதை நினைவூட்டும் இடங்களையும் ஆட்களையும் தவிர்ப்பது, தன்மீதே பழிபோட்டுக்கொள்வது, சிறு ஓசைக்கும் திடுக்கிடுவது ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைத்தால் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்க வேண்டும்.

“ஏன் கத்தவில்லை? ஏன் ஓடவில்லை?” என்ற கேள்வி பேராபத்திலிருந்து மீண்டவர்களை மிகவும் வதைக்கிறது. பேராபத்தில் உடல் தானாக உறைந்துபோவதுண்டு. யோசித்து எடுக்கும் முடிவல்ல அது, கோழைத்தனமும் அல்ல. கதவருகே உட்காருவதும், எதிரே இருப்பவரின் முகக்குறிப்பை நொடியில் படிப்பதும் அன்று மீண்டவரைக் காத்த திறமைகள். ஆபத்து நீங்கிய பிறகும் அவை ஓயாததே இன்றைய சிக்கல். இதை அவருக்கு எடுத்துச் சொன்னாலே குற்றவுணர்வு ஓரளவு தளரும். ‘பாதிக்கப்பட்டவர்’ என்பதோடு நிறுத்தாமல் ‘மீண்டவர்’ என்றும் சொல்லச் சொல்வது இதற்காகத்தான். ஆனால் “நீ தைரியசாலி, அழாதே” என்பது பாராட்டல்ல, வாயடைப்பு.

உலக சுகாதார நிறுவனத்தின் உளவியல் முதலுதவிக் கையேடு (2011) பார், கேள், இணை என்று மூன்று படிகளைச் சொல்கிறது. முதலில் பாதுகாப்பையும் அவசரத் தேவைகளையும் கவனியுங்கள். அவர் சொல்ல விரும்புவதை மட்டும் கேளுங்கள். நடந்ததை விவரிக்கச் சொல்லித் துருவினால் துயரம் கூடலாம். பிறகு உறவினரோடும் தேவையான உதவிகளோடும் சேர்த்துவையுங்கள். பழைய நினைவில் மூழ்கித் தவிப்பவரைத் தொடும் முன் அனுமதி கேளுங்கள். இன்று என்ன தேதி, எங்கே இருக்கிறோம், கண்ணெதிரே என்னென்ன தெரிகின்றன என்று நிதானமாகப் பேசி நிகழ்காலத்துக்கு அழைத்து வாருங்கள்.

உளக்காயத்துக்கென்றே அமைந்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) பொதுவாக 8 முதல் 12 அமர்வுகள் நடக்கும். தொடக்க அமர்வுகளில் நினைவுகள் கிளறப்பட்டுத் தூக்கம் கெடலாம். பலர் அப்போதுதான் பாதியில் விடுகிறார்கள். முன்கூட்டியே சொல்லிவைத்தால் தொடர்வது எளிதாகும்.