வெள்ளிக்கிழமைக் குளிசையும் விடியற்காலை விறைப்பும்

மூட்டு நோவு என்று கிளினிக்குக்கு வரும் அம்மாமாரிடம் நான் முதலில் கேட்பது, "காலமை இடியப்பம் பிழிய ஏலுதா?" என்பதுதான். "அதுக்கென்ன, பிழிவன். கோணேசர் கோயில் மேட்டில ஏறி இறங்கினாத்தான் முழங்கால் பிடிக்குது, இருந்தாச் சுகம்" என்றால் பெரும்பாலும் அது வயதோடு வரும் மூட்டுத் தேய்வு. "எங்க டொக்டர், விடிய எழும்பினா விரல் மடங்காது. உரலைப் பிடிக்கவே ஒன்பது மணியாகும். இப்ப மகள்தான் பிழியிறா" என்று பதில் வந்தால், கதிரையை முன்னுக்கு இழுத்துக் கையைப் பார்க்கத் தொடங்குவேன்.

பொத்திய கையில் கணுக்களுக்கு நடுவே பள்ளம் தெரியவேண்டும். அது வீக்கத்தில் தூர்ந்திருக்கிறதா? கணு வரிசையை இரு பக்கமும் பிடித்து மெல்ல அமத்தினால் முகம் சுளிக்கிறதா? காலை விறைப்பு அரை மணித்தியாலத்தைத் தாண்டுகிறதா? எல்லாவற்றுக்கும் ஆம் என்றால் ருமட்டொயிட் எனப்படும் முடக்குவாதத்தை நினைத்தே ஆகவேண்டும். இதற்கு வயதாகத் தேவையில்லை. முப்பதிலும் நாற்பதிலும் வருகிறது, ஆண்களைவிடப் பெண்களுக்கே கூடுதலாக வருகிறது.

கிழக்கிலங்கையில் இதற்கொரு குழப்பம் உண்டு. 2006 இல் சிக்குன்குனியா பரவியபோது காய்ச்சல் விட்ட பிறகும் மாதக்கணக்காக மூட்டுப் பிடிப்போடு திரிந்தவர்கள் பலர். அன்றிலிருந்து எந்த மூட்டு வீக்கமும் "நுளம்புக் காய்ச்சலின் மிச்சம்" ஆகிவிட்டது. காய்ச்சலோடு தொடங்கிய நோவு தானாக அடங்கலாம். ஆனால் வீக்கம் ஆறு கிழமையைத் தாண்டினால் நுளம்பின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருக்கக்கூடாது.

கன்னியா வெந்நீரூற்றில் குளித்தால் வாதம் போகும் என்று வருகிறவர்களை நான் மறிப்பதில்லை. சுடுதண்ணீர் விறைப்பை இளக்கும், எண்ணெய் தேய்த்தாலும் சுகமாகத்தான் இருக்கும். உள்ளே நடப்பது வேறு. மூட்டின் உட்சவ்வை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்குகிறது. கறையான் அரித்த கதவுநிலை போல, வெளித்தோல் நன்றாக இருக்க எலும்பின் விளிம்பு கரைகிறது. கரைந்த எலும்பைத் திரும்பக் கட்டும் மருந்து இன்னும் இல்லை. அதனால் வீக்கம் தொடங்கிய முதல் மூன்று, நான்கு மாதங்களே பொன்னான காலம். அந்த மாதங்களைத்தான் நம் ஊரில் அதிகம் தொலைக்கிறோம்.

தாக்குதல் ஏன் தொடங்குகிறது என்பது முன்னைவிட இப்போது நன்றாக விளங்குகிறது. பரம்பரை ஒரு பங்கு. புகை இன்னொரு பங்கு: சிகரெட்டும் சுருட்டும் நுரையீரலில் உள்ள புரதங்களை மாற்ற, மாறிய புரதத்தை அந்நியன் என்று எண்ணி உடல் எதிர்ப்பொருள் செய்கிறது. நோவு வருவதற்குச் சில வருடங்களுக்கு முன்பே அந்த எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருக்கலாம். நம் உடலை நாமே தாக்காதபடி தடுத்து வைத்திருக்கும் கட்டுப்பாட்டு டி கலங்கள் என்ற வெள்ளைக் குருதிக் கலங்களைக் கண்டறிந்தவர்களுக்குத்தான் 2025 இன் மருத்துவ நோபல் பரிசு போனது. மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி என்ற மூவர்.

இரத்தச் சோதனைகள் பற்றி ஒரு விஷயம். "வாத டெஸ்ட் நெகட்டிவ், அப்ப எனக்கு ஒண்டுமில்லை" என்று றிப்போட்டோடு வருவார்கள். ருமட்டொயிட் ஃபக்டர் என்ற அந்தப் பழைய சோதனை நோய் இருந்தும் நெகட்டிவாகலாம். காசநோயிலும், சில சுகதேகி முதியவர்களிலும்கூட பொசிட்டிவாகலாம். பிறகு வந்த சி.சி.பி. எதிர்ப்பொருள் சோதனை பொசிட்டிவானால் அதை நம்பலாம், ஆனாலும் நெகட்டிவானால் நோயில்லை என்றாகாது. ஏ.என்.ஏ. என்ற இன்னொரு எதிர்ப்பொருள் சோதனை இன்னும் மோசம்: இருபது சுகதேகிகளை எடுத்தால் ஒருவருக்காவது அது பொசிட்டிவாக இருக்கும். கையைத் தொட்டுப் பார்க்காமல் கடதாசியை மட்டும் பார்த்து நோயைச் சொல்ல முடியாது. பயந்து லாப்புக்கு லாப்பு அலைவது வீண் செலவு.

இனி மருந்து. 1948 இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் படுக்கையோடு கிடந்த ஓர் இளம்பெண்ணுக்குக் கோர்ட்டிசோன் ஏற்றினார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950 இல் நோபல் பரிசும் கிடைத்தது. பக்கவிளைவுகள் பிறகு தெரியவந்தன. அதே அதிசயம் இன்றும் பெயரெழுதாத சின்ன உறைகளில் கைமாறுகிறது: "மூண்டு குளிசைதான், அண்டைக்கே நோவு பறந்திட்டுது" என்பார்கள். அனேகமாக அதற்குள் கோர்ட்டிசோன் வகை ஸ்டீரொய்டான பிரெட்னிசலோனும், நோவு மருந்தான டைக்ளோஃபெனாக்கும் இருக்கும். சில மாதத்தில் முகம் வட்டமாக ஊதும். சொந்தக்காரர் "இப்பதான் பிள்ளை தேறியிருக்கு" என்று சந்தோஷப்படுவார்கள். சீனியும் பிரஷரும் ஏறும், எலும்பு மெலியும். டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பக்கத்துப் பதவியா ஊர்களில் சிறுநீரக நோய் செய்த அழிவை நேரில் கண்டவர்கள் நாம், அதை விலைகொடுத்து வாங்கவேண்டியதில்லை. ஒன்று மட்டும்: கிழமைக்கணக்காக ஸ்டீரொய்ட் எடுத்தவர்கள் இதை வாசித்துவிட்டு இன்றே நிறுத்திவிடாதீர்கள். சட்டென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும்.

உண்மையில் நோயின் போக்கை மாற்றியது மெத்தோட்ரெக்சேட். விலை குறைந்த பழைய குளிசை, அரச கிளினிக்கில் காசில்லாமல் கிடைப்பது. இன்ரநெற்றில் தேடிவிட்டு, "இது கான்சர் மருந்தாமே டொக்டர்" என்று கலங்கி வருவார்கள். ஆம், அதே மருந்துதான். புற்றுநோய்க்குக் கிராம் கணக்கிலும் ஏற்றுவார்கள். வாதத்துக்குக் கிழமைக்கு 10 முதல் 25 மில்லிகிராம் போதும். கிழமைக்கு ஒரு தரம், நாளுக்கு ஒரு தரம் அல்ல. தினமும் விழுங்கினால் எலும்பு மச்சை இரத்தம் செய்வதை நிறுத்தி ஆள் இறந்தும் போகலாம். நான் பெரும்பாலும் வெள்ளிக்கிழமையைத் தெரிவேன். கோயிலுக்குப் போகிற வீட்டிலும் மறக்காது, ஜும்மாவுக்குப் போகிற வீட்டிலும் மறக்காது. துண்டில் நாளின் பெயரைத் தமிழில் பெரிதாக எழுதிக் கோடும் போடுவேன். பக்கவிளைவைக் குறைக்கும் ஃபோலிக் அசிட் விட்டமின் வேறு நாளில். வாய்ப்புண், காய்ச்சல், காரணமில்லாத கண்டல் வந்தால் குளிசையை நிறுத்திவிட்டு உடனே வரவேண்டும். சிறுநீர்த் தொற்றுக்குக் கோட்ரைமொக்சசோல் என்ற அன்ரிபயோட்டிக் எழுதித் தந்தால், மெத்தோட்ரெக்சேட் எடுப்பதை அந்த இடத்திலேயே சொல்லுங்கள். இரண்டும் சேரக்கூடாது.

1998 முதல், எதிர்ப்புச் சக்தியின் குறிப்பிட்ட பகுதியை மட்டும் மறிக்கும் உயிரியல் ஊசிகள் வந்தன, பிறகு 2012 இல் டோஃபாசிட்டினிப் போன்ற குளிசைகள். மெத்தோட்ரெக்சேட்டுக்கு அடங்காதவர்களுக்கு அவை பெரிய வரம்தான், ஆனால் விலை கூடியவை. உறங்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடியவை என்பதால் முதலில் அதைச் சோதிக்கவேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகள் ஊசிக்குக் காசு அனுப்பத் தயாராக இருக்கிறார்கள். ஒரு வருடம் பிந்தி வரும் விலை கூடிய ஊசியைவிட, மூன்றாம் மாதத்தில் தொடங்கும் மலிவான குளிசை கையைக் காக்கும் என்பதே என் அபிப்பிராயம்.

லூபஸும் உடல் தன்னையே தாக்கும் நோய்தான், ஆனால் வேறு கதை. பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் இளம் பெண்கள். வெயில் பட்டதும் கன்னத்திலும் மூக்கிலும் சிவக்கும், முடி கொட்டும், வாய் புண்ணாகும், மூட்டு நோகும். சத்தமில்லாமல் சிறுநீரகத்திலும் கைவைக்கும். அதனால் ஒவ்வொரு கிளினிக்கிலும் சிறுநீர் கேட்பார்கள். "ஒவ்வொருக்காலும் எதுக்கு" என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். இதற்கு அடிப்படை மருந்து ஹைட்ரொக்சிகுளோரோகுயின். உறையைப் பார்த்த அம்மம்மா, "இது மலேரியாக் குளிசையெல்லோ, உனக்கென்ன மலேரியாவா?" என்று நிறுத்திவிட்ட வீடுகள் உண்டு. குளோரோகுயினின் கசப்பு அந்தத் தலைமுறைக்கு நாக்கிலேயே இருக்கிறது. 2016 இல் இலங்கையிலிருந்து மலேரியா ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. அதன் மருந்து இப்போது வேறு வேலை செய்கிறது. நிறையை வைத்து அளவு தீர்மானிப்போம், குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு வருடந்தோறும் கண் கிளினிக்குக்கு அனுப்புவோம். ஜேர்மனியின் எர்லாங்கனில் 2021 இல், நோயாளியின் சொந்த டி கலங்களை மாற்றியமைத்துத் திரும்ப ஏற்றிக் கடும் லூபஸை அடக்கிக் காட்டினார்கள். அது நம் வாசலுக்கு வர நாளெடுக்கும்.

கலியாணம் பேசும்போது இந்த நோய்களை மறைக்கும் வழக்கத்தால் வரும் சிக்கல் பெரிது. மெத்தோட்ரெக்சேட் கருவைக் குலைக்கும். பிள்ளை வேண்டும் என்றால் மூன்று மாதம் முன்னரே நிறுத்தி வேறு மருந்துக்கு மாற்றுவோம். ஹைட்ரொக்சிகுளோரோகுயினை மாறாகக் கர்ப்பத்திலும் விடக்கூடாது. லூபஸ் ஆறு மாதமாவது அடங்கிய பிறகு கருத்தரித்தவர்கள் நல்லபடி பிள்ளை பெற்றிருக்கிறார்கள். ஆகவே நாள் குறிக்க முன்னர் பிள்ளையோடு ஒருக்கால் கிளினிக்குக்கு வாருங்கள், மாப்பிள்ளையும் வந்தால் இன்னும் நல்லது. கிளினிக் கொப்பியையும், வீட்டிலிருக்கும் எல்லாக் குளிசை மட்டைகளையும், அந்தப் பெயரில்லாத உறையையும் சேர்த்தே கொண்டு வாருங்கள்.